புது வீட்டில் பாட்டு காதைக் குத்துகிறது, எந்த ஒயர் போடலாம்?

தம்பி, உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் பழைய ஓட்டு வீட்டில் இதமாகப் பாடிக்கொண்டிருந்த செட், பால் காய்ச்சிக் குடிபோன புது கான்கிரீட் வீட்டில் காதைக் கூச வைக்கிறது. ஆம்ப் அதேதான், ஸ்பீக்கர் அதேதான், ஒயரும் அதேதான். பெண் குரல் மேலே போனால் குத்துகிறது, ஜால்ரா தெறிக்கிறது, அரை மணி நேரத்தில் அணைத்துவிடலாம் என்று தோன்றுகிறது. கோயம்புத்தூரில் ஒரு கடையில் விசாரித்தபோது, "உங்க ஒயர் வெள்ளிப் பூச்சுங்க, அதனாலதான் கூசுது. சுத்தச் செம்புல கெட்டியான கேபிள் போட்டா இதமாயிரும்" என்று சொல்லி, ஜோடி 18,000 ரூபாய்க்கு ஒன்றைக் காட்டியிருக்கிறார்கள். அதை வாங்கலாமா, அதே குணத்தோடு மலிவாக வேறு கேபிள் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே, இரண்டு பக்க ஒயரும் ஒரே நீளம் இருக்க வேண்டுமா என்று ஒரு சின்னக் கேள்வி. அதைக் கடைசியில் எடுத்துக்கொள்கிறேன்.

அந்த 18,000 ரூபாய் கேபிளை வாங்காதீர்கள். நீங்கள் கேட்டது கேபிள் பெயர் என்றாலும், உங்களுக்கு வேண்டியது கூச்சம் போவதுதானே. அதற்கு வழி இருக்கிறது, அந்த வழி பெரும்பாலும் துணிக்கடைப் பக்கம் போகிறது. நான் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு ஈரோட்டில் ஆம்ப், ஸ்பீக்கர் சர்வீஸ் செய்து பிழைப்பவன். கல்யாண மண்டபங்களுக்கு ஒலி அமைத்துக் கொடுத்த அனுபவமும் உண்டு. ஆனால் உங்கள் ஹாலில் உட்கார்ந்து நான் கேட்டதில்லை. நீங்கள் எழுதிய அளவுகளை வைத்துத்தான் பேசுகிறேன். அதனால் எது கணக்கு, எது என் அனுமானம் என்று பிரித்தே சொல்கிறேன்.

முதலில் கணக்கு. ஒரு ஒயரில் ஒலியைத் தொடக்கூடியவை மூன்றுதான்: மின்தடை, இண்டக்டன்ஸ் (மின்னோட்டம் மாறுவதை எதிர்க்கும் குணம்), கெப்பாசிட்டன்ஸ் (இரண்டு கம்பிக்கு நடுவே மின்னூட்டம் தேங்கும் குணம்). செம்போ வெள்ளியோ, நூறு ரூபாயோ லட்ச ரூபாயோ, வீட்டு நீளத்தில் இந்த மூன்றைத் தாண்டி எதுவும் இல்லை. உங்கள் ஆம்பிலிருந்து ஸ்பீக்கருக்கு 4 மீட்டர் என்கிறீர்கள். போக ஒரு கம்பி, வர ஒரு கம்பி, ஆக 8 மீட்டர். வீட்டு ஒயரிங்குக்குப் போடுகிற 2.5 ஸ்கொயர் எம்எம் மல்டி ஸ்ட்ராண்ட் செம்புக்கு மீட்டருக்குச் சுமார் 0.008 ஓம், மொத்தம் 0.064 ஓம். 8 ஓம் ஸ்பீக்கரில் இதனால் குறைவது 0.07 டெசிபல் (ஒலியளவை அளக்கும் அலகு). 1 ஸ்கொயர் ஒயர் போட்டாலும் 0.17 டெசிபல்தான். எல்லா இடத்திலும் ஒரே மாதிரி குறைந்தால் ஒலியின் குணம் மாறாது, வால்யூம் ஒரு துளி இறங்கும், அவ்வளவே.

ஆனால் ஸ்பீக்கர் எல்லா அதிர்வெண்ணிலும் 8 ஓமாக இருப்பதில்லை. பேஸுக்குச் சற்று மேலே 5 ஓம் வரை இறங்கும், கிராஸ்ஓவர் (பேஸ் தரும் வூஃபரும் மேல் ஒலி தரும் ட்வீட்டரும் ஒலியைப் பங்கு போட்டுக்கொள்ளும் இடம்) பக்கம் 20, 25 என்று ஏறும். ஒயரின் தடை கூடக்கூட, 5 ஓம் இருக்கும் இடத்தில் ஒலி அதிகம் குறையும், 25 ஓம் இருக்கும் இடத்தில் அவ்வளவாகக் குறையாது. மெல்லிய, அலுமினியம் கலந்த 1 ஸ்கொயர் ஒயரை உங்கள் நீளத்துக்குப் போட்டால் தடை 0.24 ஓம் பக்கம் வரும். அப்போது இந்த இரண்டு இடங்களுக்கும் இடையே 0.3 டெசிபல் வித்தியாசம் விழும். கடைக்காரர் சொன்னதில் உண்மை என்று எதையாவது எடுக்க வேண்டுமென்றால் அது இவ்வளவுதான்: மட்டமான மெல்லிய ஒயரிலிருந்து கனமான செம்புக்கு மாறினால் கிராஸ்ஓவர் பக்கத்து ஒலி கால் டெசிபல் அடங்கலாம். அதற்கு மீட்டர் கணக்கில் எலெக்ட்ரிக்கல் கடையில் வெட்டிக் கொடுக்கிற 2.5 ஸ்கொயரே போதும்.

அடுத்து, கூச்சம் எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். மனிதக் காது ரொம்பக் கூர்மையாக இருப்பது 2,000 ஹெர்ட்ஸிலிருந்து 5,000 ஹெர்ட்ஸ் வரை. காதுக்குழாயே 3,000 ஹெர்ட்ஸ் சுற்றி ஒத்ததிர்ந்து அந்த இடத்தைத் தூக்கிக் காட்டும். குரல் குத்துவதும் நாதஸ்வரம் கீறுவதும் அங்கேதான். கேபிளின் இண்டக்டன்ஸ் மேல் பக்கத்து ஒலியைக் குறைக்கும் என்பது உண்மைதான், ஆனால் எவ்வளவு? சாதாரண இரட்டை ஒயருக்கு மீட்டருக்கு 0.6 மைக்ரோஹென்றி என்று வைத்தால், உங்கள் 4 மீட்டருக்கு 2.4. இது 3,000 ஹெர்ட்ஸில் 0.045 ஓம். 20,000 ஹெர்ட்ஸுக்குப் போனால்தான் 0.3 ஓம் ஆகிறது, அங்கே நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்குப் பெரும்பாலும் எதுவும் கேட்பதே இல்லை. கேபிளை வைத்தே ட்ரெபிளை இறக்கியாக வேண்டும் என்று ஒருவர் பிடிவாதம் பிடித்தால், 8 ஓம் ஸ்பீக்கரில் 10,000 ஹெர்ட்ஸை 3 டெசிபல் குறைக்க 127 மைக்ரோஹென்றி வேண்டும். அதாவது 200 மீட்டருக்கு மேல் இரட்டை ஒயர். கடையில் 90 மீட்டர் காயிலாக விற்கிறார்களே, அதில் இரண்டு காயில் வாங்கினாலும் பற்றாது. போர்வெல் தண்ணீர் உப்பாக இருக்கிறது என்று குழாயை மாற்றுகிற வேலை இது.

வெள்ளி விஷயத்துக்கு வருவோம். வெள்ளி, செம்பைவிட ஐந்தாறு சதவீதம் நன்றாக மின்சாரம் கடத்தும். அதாவது முழு வெள்ளிக் கம்பி போடுவதும், செம்புக் கம்பியைக் குறுக்குப் பரப்பில் ஐந்தாறு சதவீதம் கூட்டிப் போடுவதும் ஒன்றே. தடித்த கம்பி கூசும் என்று யாரும் சொல்வதில்லை. வெள்ளி கூசும் என்று மட்டும் சொல்கிறார்கள். நிறத்தைப் பார்த்து வந்த பேச்சு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பூச்சு என்றால் அதுவும் மைக்ரான் கணக்கு. அதிக அதிர்வெண்ணில் மின்னோட்டம் கம்பியின் மேல்தோலுக்கு ஒதுங்கும் என்று ஒரு வாதம் வரும். உண்மைதான், ஆனால் 20,000 ஹெர்ட்ஸில் செம்பில் அந்தத் தோலின் ஆழம் அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கீழே. மெல்லிய இழைகளால் ஆன ஒயரில் ஒரு இழையே அந்த அளவுக்கு இல்லை. பூச்சுக்கு அங்கே தனி வேலை எதுவும் கிடையாது.

இன்னொன்று, உங்கள் ஒயர் வெள்ளையாக இருக்கிறது என்பதால் வெள்ளி என்று முடிவு கட்ட முடியாது. ஈயம் மாதிரி மினுங்கினால் அது தகரப் பூச்சாக இருக்கலாம். துரு பிடிக்காமல் இருக்கப் பூசுவார்கள், ஒலிக்கு அதனால் ஒன்றும் ஆகாது. அதைவிடக் கவனிக்க வேண்டியது அலுமினியம். வெளியே செம்புத் தோல், உள்ளே அலுமினியம் என்று ஒரு ரகம் சந்தையில் நிறைய ஓடுகிறது. ஒரு இழையை உருவி எடுங்கள். மேசை விளிம்பில் வைத்துப் பழைய பிளேடால் மெதுவாகச் சுரண்டுங்கள். செம்பு என்றால் எவ்வளவு சுரண்டினாலும் உள்ளே அதே சிவப்பு வரும். கலப்பு என்றால் சாம்பல் வெள்ளை எட்டிப் பார்க்கும். அப்புறம் அந்த இழையின் நுனியை லைட்டர் தீயில் காட்டுங்கள். செம்பு கறுத்து அப்படியே நிற்கும். அலுமினிய இழை சட்டென்று தொய்ந்து உருகி, நுனியில் ஒரு குண்டு கட்டும். கையில் தூக்கிப் பார்த்தாலும் கனம் காட்டிக்கொடுக்கும். அலுமினியக் கலப்பு என்று தெரிந்தால் மாற்றிவிடுங்கள். கூச்சத்துக்காக இல்லை, திருகு இறுக்கும் இடத்தில் அது நாளாக நாளாகத் தளர்ந்துபோகும், அதற்காக.

இதுவரை சொன்னதில் எனக்குச் சந்தேகம் இல்லை. மெக்கின்டாஷ் என்ற ஆடியோ நிறுவனத்தில் ஸ்பீக்கர் வடிவமைத்த ரோஜர் ரஸ்ஸல், ஒயரின் தடை ஸ்பீக்கர் ஓமில் 5 சதவீதத்துக்குள் இருந்தால் போதும் என்றே எழுதினார். 8 ஓமுக்கு அது 0.4 ஓம், நீங்கள் அந்தப் பக்கமே போகவில்லை. 1991-இல் ஃபிரெட் டேவிஸ் என்பவர் பல கேபிள்களை நிஜ ஆம்போடும் ஸ்பீக்கரோடும் சேர்த்து அளந்து ஆடியோ எஞ்சினியரிங் சொசைட்டியின் இதழில் எழுதிய கட்டுரையும் உண்டு. கேபிளுக்குக் கேபிள் வித்தியாசம் அளந்தால் தெரியவே செய்கிறது, கனமான சாதாரண ஒயரே வேலைக்குப் போதும் என்பதுதான் அதன் போக்கு. விவாதத்துக்கு இடம் இருப்பது இந்த 0.1, 0.2 டெசிபல் எல்லாம் காதுக்குத் தெரியுமா என்பதில். பழகிய காது, உடனுக்குடன் மாற்றிக் கேட்டால், சில சமயம் கண்டுபிடிக்கலாம். ஓம் ரொம்ப இறங்குகிற ஸ்பீக்கர், வால்வு ஆம்ப், இருபது முப்பது மீட்டர் ஓட்டம் என்றால் என் பதிலும் மாறும். உங்களுடையது அப்படி எதுவும் இல்லை. ஒரு எச்சரிக்கை மட்டும்: பின்னல் பின்னலாக வரும் சில விலை உயர்ந்த கேபிள்களில் கெப்பாசிட்டன்ஸ் மிக அதிகம். சில ஆம்புகள் அதில் தடுமாறி, காதுக்குக் கேட்காத அதிர்வில் ஆடி, சூடேறிப் போவதுண்டு.

"அப்படியானால் கேபிள் மாற்றியதும் மாறிப்போச்சு என்று இத்தனை பேர் சொல்கிறார்களே?" என்று கேட்பீர்கள். நிஜமாகவே மாறிய வீடுகள் எனக்கும் தெரியும். கேபிள் மாற்றும்போது வேறு என்னவெல்லாம் மாறுகிறது என்று பாருங்கள். முனைகள் புதிதாகச் சீவப்படுகின்றன, திருகு இறுகுகிறது, ஸ்பீக்கர் நாலு விரல் நகர்கிறது, பிளஸ் மைனஸ் சரியாகிறது. பெருந்துறைப் பக்கம் ஒரு வீட்டில் இதே புகாரோடு கூப்பிட்டிருந்தார்கள். ஸ்பீக்கரின் பின்னால் உங்களுடையதைப் போலவே நாலு முனை, மேல் ஜோடியையும் கீழ் ஜோடியையும் இணைக்கும் பித்தளைத் தகடு. இடது பக்கத் தகட்டில் கீழ்த் திருகு கையோடு சுற்றியது. கழற்றிப் பார்த்தால் வாஷர் படிந்த இடம் வட்டமாகப் பச்சை பூத்திருந்தது. ஒயர் மேல் ஜோடியில் இருந்ததால் ட்வீட்டருக்கு நேராக மின்சாரம் போனது, வூஃபருக்கு அந்தப் பச்சையைத் தாண்டி அரைகுறையாகப் போனது. பேஸ் மெலிந்தால் ட்ரெபிள் தானாகவே தூக்கலாகத் தெரியும். நைஸ் எமரித் தாளில் தேய்த்து இறுக்கியதும் சரியாகிவிட்டது. அன்றைக்கு அவர்கள் ஒரு புதுக் கேபிளை வாங்கி மாட்டியிருந்தால், அந்தக் கேபிளுக்குத்தான் பெயர் கிடைத்திருக்கும்.

ஆகவே நீங்களும் இதிலிருந்தே தொடங்குங்கள். நாலு முனைத் தகடுகளையும் கழற்றி, துடைத்து, இறுக்குங்கள். அப்புறம் பிளஸ் மைனஸ். வீடு மாறும்போது அவசரத்தில் மாட்டுவதில் ஒரு பக்கம் தலைகீழாகப் போவது ரொம்ப சகஜம். இரண்டு வூஃபரும் எதிரெதிராக ஆடினால் பேஸ் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு காணாமல் போகும், மிச்சம் இருப்பது கீச்சு. ஆம்பை அணைத்து, ஒயரை ஆம்ப் முனையிலிருந்து கழற்றி, ஒன்றரை வோல்ட் பென்டார்ச் பேட்டரியின் பிளஸ்ஸைச் சிவப்பிலும் மைனஸைக் கறுப்பிலும் ஒரு கணம் தொட்டுப் பாருங்கள். இரண்டு ஸ்பீக்கரின் கோனும் ஒரே பக்கம் குதிக்க வேண்டும். ஒன்று முன்னாலும் ஒன்று பின்னாலும் போனால் உங்கள் பிரச்சினையில் பாதி அங்கேயே தீர்ந்தது. சத்தம் கூட்டி வைக்கும்போது மட்டும்தான் கூசுகிறது என்றால், ஆம்ப் தன் எல்லையைத் தொட்டு அலையின் தலையை வெட்டுகிறது என்று அர்த்தம். சில பாட்டுகளில் மட்டும்தான் என்றால் அது பதிவின் குறை, அதற்கு உங்கள் வீட்டில் மருந்து இல்லை.

இதெல்லாம் சரியாக இருந்தால் மிச்சம் வீடுதான். என் அனுமானமும் அதுவே. நீங்கள் எழுதியதிலேயே அதற்குச் சாட்சி இருக்கிறது. ஆம்ப், ஸ்பீக்கர், ஒயர் மூன்றும் மாறவில்லை, சுவர் மாறியிருக்கிறது. ஓட்டு வீட்டில் ஓட்டுக்கும் ஓட்டுக்கும் நடுவே இடைவெளி, மேலே மரச் சட்டம், நடுவே வானம் பார்த்த தொட்டி, கொடியில் துணி, மூலையில் மூட்டை. திறந்த இடம் வழியாகப் போன சத்தம் திரும்பி வராது. புது வீட்டில் கீழே வெர்ட்டிஃபைட் டைல்ஸ், நாலு பக்கம் பட்டி பார்த்த சுவர், மேலே கான்கிரீட், ஒரு பக்கம் பெரிய கண்ணாடி ஜன்னல். பூச்சுச் சுவர் தன்மேல் விழும் ஒலியில் நூற்றுக்கு மூன்று நான்கு பங்குதான் குடிக்கும், டைல்ஸ் அதுவும் இல்லை.

இதற்குக் கணக்கு கண்டுபிடித்தவர் வாலஸ் சாபின் என்ற ஹார்வர்டு ஆசிரியர். 1895-இல் அங்கே ஃபாக் அருங்காட்சியகத்தின் விரிவுரை அரங்கில் பேசுவது ஒன்றும் புரியவில்லை, ஒரு சொல் ஐந்து விநாடிக்கு மேல் முழங்குகிறது என்று அவரிடம் ஒப்படைத்தார்கள். அவர் பக்கத்து அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளை ராத்திரியில் சுமந்து வந்து அடுக்கி, ஒவ்வொரு அடுக்குக்கும் முழக்கம் எவ்வளவு குறைகிறது என்று அளந்தார். திறந்த ஜன்னல் எவ்வளவு ஒலியை விழுங்குமோ, அதுவே அவருக்கு அளவுகோல். அவர் சூத்திரப்படி எதிர்முழக்க நேரம் (சத்தம் நின்றபின் முழக்கம் அடங்க ஆகும் நேரம்) என்பது 0.161 பெருக்கல் அறையின் கன மீட்டர், வகுத்தல் ஒலியைக் குடிக்கும் மொத்தப் பரப்பு சதுர மீட்டரில். உங்கள் ஹால் 12-க்கு 15 அடி, உயரம் 10 அடி என்று வைத்தால் 51 கன மீட்டர். வெறும் ஹாலாக இருந்தால் 3 விநாடி தாண்டும். சோபா, ஆட்கள், சாப்பாட்டு அறைப் பக்கம் இருக்கும் திறப்பு எல்லாம் சேர்த்து 5 சதுர மீட்டர் குடிக்கிறது என்று எடுத்தால் 1.6 விநாடி. வீட்டில் பாட்டுக் கேட்க அரை விநாடியை ஒட்டி இருந்தால் நல்லது. சிறிய அறையில் இந்தச் சூத்திரம் துல்லியமாக நிற்காது, ஆனாலும் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று தெளிவாகக் காட்டும்.

நம் பக்கத்தில் இதற்குச் சாமான் பஞ்சமே இல்லை. கரூர்த் திரைச்சீலை, சென்னிமலைப் போர்வை, பவானி ஜமக்காளம், பொள்ளாச்சிக் கயிற்று விரிப்பு என்று எல்லாம் பஸ் தூரத்துக்குள். ஆனால் எதை எப்படிப் போடுவது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஒலியியல் அட்டவணைகளில் பாருங்கள், மெல்லிய துணியை மடிப்பில்லாமல் தொங்கவிட்டால் 2,000 ஹெர்ட்ஸில் கால் பங்குதான் குடிக்கும். கனமான துணியை, ஜன்னல் அகலத்துக்கு இரண்டு மடங்கு துணி எடுத்து, மடிப்பு மடிப்பாக விட்டால் முக்கால் பங்கை நெருங்கும். ஆகவே அந்தக் கண்ணாடி ஜன்னலுக்குக் கம்பி முழுக்க, கீழே தரை வரை, கனமான திரை போடுங்கள். எட்டு சதுர மீட்டர் வந்தால் உங்கள் 1.6 விநாடி ஏறத்தாழ 0.8-க்கு இறங்கிவிடும். வேறு எதையும் செய்யாவிட்டாலும் இதைச் செய்யுங்கள்.

தரைக்கு வரும்போது ஜமக்காளத்தை மட்டும் நம்பாதீர்கள். உறுதியான நெசவு, பார்க்க அழகு, ஆனால் தட்டையாகத் தரையோடு ஒட்டிக் கிடந்தால் ஜால்ரா ஒலியைக் கொஞ்சம் பிடிக்குமே தவிர, குரல் குத்துகிற இடத்தை அவ்வளவாகத் தொடாது. சுவரையோ தரையையோ ஒட்டிய இடத்தில் காற்று அசைவதில்லை, அசையாத காற்றில் துணிக்குப் பிடிக்க ஒன்றும் இல்லை. கீழே தடிமனான கயிற்று விரிப்போ ஃபெல்ட்டோ போட்டு மேலே ஜமக்காளம் விரித்தால் நிலைமையே வேறு. இதே காரணத்தால்தான், சுவரில் போர்வை மாட்டினால் ஆணியில் நேராக மாட்டாமல், ஒரு மரச் சட்டத்தில் கட்டி, சுவரிலிருந்து நாலு அங்குலம் தள்ளி நிறுத்தச் சொல்கிறேன். 10 சென்டிமீட்டர் இடைவெளி என்பது 850 ஹெர்ட்ஸின் கால் அலை. அதற்கு மேலே உள்ளதில் பெரும்பகுதி துணியில் நன்றாக மாட்டும்.

எந்த இடத்தில் மாட்டுவது என்று கண்டுபிடிக்க அளவு நாடா வேண்டாம். நீங்கள் வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்காருங்கள். வீட்டில் யாரையாவது முகம் பார்க்கும் கண்ணாடியைப் பக்கச் சுவரோடு ஒட்டி, காது உயரத்தில் பிடித்தபடி நகரச் சொல்லுங்கள். கண்ணாடியில் உங்களுக்கு ட்வீட்டர் தெரிகிற இடம்தான் சத்தம் பட்டுத் தெறித்து உங்களிடம் வருகிற இடம். இரண்டு பக்கச் சுவரிலும் அந்த இடத்தில் ஒரு போர்வைச் சட்டம் போதும். ஹால் முழுக்கத் துணியால் மூடிவிடவும் வேண்டாம். துணி மேல் ஒலியைத்தான் குடிக்கும், பேஸைத் தொடாது. அளவுக்கு மீறினால் ட்ரெபிள் செத்து, கீழே மட்டும் குமுகுமுவென்று நிற்கும். அது இன்னொரு தலைவலி.

திரை தைத்து வரும்வரை காசில்லாமல் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஸ்பீக்கர் உங்கள் காதையே பார்த்து நிற்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ட்வீட்டரின் மேல் ஒலி டார்ச் வெளிச்சம்போல நேராகத்தான் போகும், பக்கவாட்டில் குறையும். ஸ்பீக்கரை வெளிப்பக்கமாகத் திருப்பி, பக்கச் சுவருக்கு இணையாக நேர் முன்னே பார்க்கும்படி நிறுத்திக் கேளுங்கள். பத்துப் பதினைந்து டிகிரி திருப்பினாலே மேல் ஒலி காதில் விழுவது குறையும். ஆனால் ரொம்பத் திருப்பினால் பக்கச் சுவரில் அதிகம் பட்டுத் தெறிக்கும், அதனால் போர்வைச் சட்டம் இல்லாத அறையில் இது இரு பக்கமும் வெட்டும். விரல் விரலாகத் திருப்பிப் பாருங்கள். உட்காரும் இடம் பின்சுவரை ஒட்டியிருந்தால் ஒரு மூன்றடி முன்னால் இழுத்துப் போடுங்கள்.

ஆம்பில் ட்ரெபிள் குமிழ் இருக்கிறதல்லவா, அதை இரண்டு புள்ளி குறையுங்கள். அதைத் தொடுவது ஏதோ தோஷம் என்று சில பேர் பயமுறுத்துவார்கள். ட்ரெபிளைக் குறைக்கத்தான் அந்தக் குமிழை வைத்திருக்கிறார்கள். சோர்ஸ் டைரக்ட் என்ற பொத்தான் அழுத்தியிருந்தால் குமிழ் வேலை செய்யாது, அதை எடுத்துவிடுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் மிச்சம் கூசினால், உங்கள் ஸ்பீக்கரில் நாலு முனை இருப்பது ஒரு வசதி. சிவப்பு முனைகளுக்கு நடுவே இருக்கும் பித்தளைத் தகட்டை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் 1 ஓம், 10 வாட் ஒயர்வவுண்ட் ரெசிஸ்டர் ஒன்றைப் போடுங்கள். எலெக்ட்ரானிக்ஸ் கடையில் வெள்ளையாகச் சிமெண்ட் ரெசிஸ்டர் என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். ஆம்ப் ஒயர் கீழ் ஜோடியில் இருக்க வேண்டும், அப்போதுதான் ரெசிஸ்டர் ட்வீட்டருக்குப் போகும் பாதையில் மட்டும் வரும். ஒன்றிலிருந்து ஒன்றரை டெசிபல் வரை ட்வீட்டர் இறங்கும். கிராஸ்ஓவர் துளி நகரும், பயப்பட ஒன்றுமில்லை, பிடிக்காவிட்டால் கழற்றித் தகட்டைத் திரும்ப மாட்டிக்கொள்ளலாம். இரண்டு ரெசிஸ்டருக்கும் சேர்த்து ஒரு டீ, ஒரு வடைக் காசு ஆகும். 18,000 ரூபாய் கேபிள் தருவதாகச் சொன்ன மாற்றத்தைவிட இது பல மடங்கு பெரியது, அளந்தும் காட்டலாம்.

அந்தக் கடையில் கேபிளை வீட்டுக்குக் கொடுத்துவிடுவார்கள் என்றால், சும்மா ஒரு சோதனைக்கு வாங்கி வாருங்கள். உங்கள் மச்சானையோ தம்பியையோ ஆம்புக்குப் பின்னால் உட்கார வைத்து, ஒவ்வொரு முறையும் காசு சுண்டிப் போட்டு எந்தக் கேபிள் என்று முடிவு செய்து, உங்களிடம் சொல்லாமல் மாட்டச் சொல்லுங்கள். வால்யூம் குமிழை யாரும் தொடக்கூடாது, கொஞ்சம் கூடினாலே கூடியது நல்லதாகத் தெரியும். எது எது என்று எழுதி வைத்து, அப்புறம் ஒப்பிடுங்கள். நீங்கள் தொடர்ந்து சரியாகச் சொன்னால் நான் எழுதியதைத் தூக்கிப் போட்டுவிட்டு அதையே வாங்கிக்கொள்ளலாம்.

ஒயர் எப்படியும் மாற்ற வேண்டியிருந்தால், ஐஎஸ்ஐ முத்திரை உள்ள 2.5 ஸ்கொயர், மெல்லிய இழைகள் கொண்ட இரட்டைச் செம்பு ஒயர், எந்த நல்ல கம்பெனியானாலும் சரி. ஆக்சிஜன் இல்லாத செம்பு என்று கூடுதல் விலை கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை, கடத்துவதில் ஒரு சதவீதம் வித்தியாசம் வந்தால் அதிகம். ஒரு பக்க ஒயரின் தோலில் கோடோ நிறமோ இருக்கும்படி பார்த்து வாங்கினால் பிளஸ் மைனஸ் குழப்பம் வராது. முனையில் பிரி பிரியாக ஒரு இழையும் வெளியே நீட்டிக்கொண்டு பக்கத்து முனையைத் தொடாமல் முறுக்கிப் போடுங்கள்.

அப்புறம் அந்த நீளக் கேள்வி. ஒரு பக்கம் 4 மீட்டர், ஒரு பக்கம் 6 மீட்டர் என்றாலும் கவலையில்லை. ஒயரில் சமிக்ஞை ஒரு மீட்டரைக் கடக்க 5 நானோ விநாடி போல ஆகும். காற்றில் சத்தம் அதே ஒரு மீட்டரைக் கடக்க 3 மில்லி விநாடி. நீங்கள் சோபாவில் ஒரு பக்கம் சாய்ந்தாலே வருகிற வித்தியாசம், ஒயரில் வருவதைவிட ஆயிரக்கணக்கான மடங்கு. 2.5 ஸ்கொயரில் அந்த இரண்டு மீட்டர் கூடுதலால் ஒலி குறைவது 0.03 டெசிபல். நீளமான ஒயரை வெட்ட மனமில்லாமல் பின்னால் சுருட்டி வைத்தாலும் ஒன்றும் ஆகாது, இரட்டை ஒயரில் போகிற மின்னோட்டமும் வருகிற மின்னோட்டமும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும். எலி கடிக்காத இடமாகப் பார்த்துச் சுருட்டி வையுங்கள்.